விமானிகளின் சம்பள நிலுவைக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு நகரங்களைக் குறைந்த கட்டண விமானச் சேவையால் இணைக்கும் மத்திய அரசின் ‘உடான்’ திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் விமானம் சேலத்தில் இறங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்நிறுவனம் இன்று பறப்பதில்லை; கோவையின் ஏர் கார்னிவல், விஜயவாடாவின் ஏர் கோஸ்டா ஆகியவை 2017-லேயே நின்றுபோயின. பயணிகளுக்கு ரயிலோ பேருந்தோ இருக்கிறது. ஆனால், சிறு நிறுவனங்கள் பயன்படுத்தும் ஏடிஆர் ரகச் சிறு விமானத்துக்குப் பெற்ற தகுதியைக் கொண்டு பெரிய ஏர்பஸ் விமானத்தை இயக்க முடியாது என்பதால், விமானியோ பல லட்சம் ரூபாய் செலவிட்டு மீண்டும் பயிற்சி பெற்று, பணிமூப்பையும் இழந்து, புதியவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

சிறு நிறுவனம் ஒன்றில் துணை விமானியாக இருந்த என் மகன், நான்கு மாதச் சம்பளம் வராத நிலையில், தன் பறப்பு நேரப் பதிவேட்டைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்த இரவுகளை என்னால் மறக்க முடியவில்லை.

பணியிலிருந்து விலக விரும்பும் தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தர வேண்டும் என 2017-ல் விதித்த விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், ஊழியர்களின் மூன்று மாதச் சம்பளத்துக்கேனும் வங்கி உத்தரவாதம் பெற்ற பின்னரே புதிய நிறுவனங்களுக்கு அனுமதி வழங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விமானியின் தந்தை,
சேலம்.