கடைசி இடத்துக்கு ஒரு கணக்கு

அன்புள்ள முரளி,

மூன்று கடிதத்துக்குப் பதில் போடாதவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். இந்நேரம் திட்டி முடித்திருப்பாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். சேகர் இன்னும் அதே சேகர்தான், அதற்கு மேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் கடைசிக் கடிதத்தில் உன் கூடைப்பந்து அணி யூட்டா ஜாஸுக்காக ஒரு பக்கம் ஒப்பாரி வைத்திருந்தாயே, அதற்குத்தான் இது. "82 ஆட்டத்தில் 65 தோற்று, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.விலேயே கடைசியாக வந்த அணிக்கு, புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற 2025 டிராஃப்டில் ஐந்தாவது இடம். 39 ஜெயித்த டாலஸுக்கு முதல் இடம், அதில் எல்லோரும் ஆசைப்பட்ட பையன் கூப்பர் ஃபிளாக். இதில் கோல்மால் இல்லையென்று சொல்லு பார்ப்போம்" என்கிறாய். சொல்கிறேன். உன் அணி எதற்குக் காசு கட்டியதோ அது சரியாகக் கைக்கு வந்திருக்கிறது. நீதான் பில்லைப் படிக்கவில்லை.

டிவியில் அட்டை அட்டையாகத் திறந்து காட்டுகிறார்களே, அது வெறும் அறிவிப்பு. யார் முதலில் தேர்ந்தெடுப்பது என்ற நிஜக் குலுக்கல் அதற்கு முன்பே ஒரு மூடிய அறையில் முடிந்திருக்கும். உள்ளே போகிறவர்களின் போனையெல்லாம் வாங்கி வைத்துவிடுவார்கள். 1 முதல் 14 வரை எண் போட்ட பிங்-பாங் பந்துகளை லாட்டரி இயந்திரத்தில் போட்டு 20 விநாடி குதிக்க விடுவார்கள். முதல் பந்து வெளியே வரும். பிறகு 10 விநாடிக்கு ஒன்றாக இன்னும் மூன்று. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கையைத் தூக்கி சைகை செய்வார். எந்தப் பந்து மேலே வருகிறது என்று பார்த்துக் கை தூக்கினான் என்று உன்னைப் போல ஒருவன் கிளம்பிவிடக் கூடாதல்லவா!

எது முதலில் வந்தது என்பது கணக்கில்லை, எந்த நான்கு என்பதுதான் கணக்கு. 14-ல் நான்கை எடுக்க 1001 வழி. 11, 12, 13, 14 நான்கும் சேர்ந்து வந்தால் அது யாருக்கும் இல்லை, திரும்ப எடுப்பார்கள். மீதி 1000 சேர்க்கைகளும், கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகாத 14 அணிகளின் கணக்கில் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கும், பொதுவாக அதிகம் தோற்றவனுக்கு அதிகம். டாலஸின் கணக்கில் இருந்தது 18. அந்த 18-ல் ஒன்று விழுந்தது, அவ்வளவுதான். உலகத்தில் 1.8 சதவீதமும் எப்போதாவது நடக்கத்தான் செய்யும். 1993-ல் ஆர்லாண்டோ 66-ல் ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் இடத்தைத் தட்டிச் சென்றதே.

இப்போது உன் விஷயம். 2018 வரை முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு கடைசி அணிக்கு 25 சதவீதம், அதற்கு மேலே இருந்த அணிக்கு 19.9. ஒவ்வொரு படி இறங்குவதற்கும் பலன் இருந்தது. 2019-ல் அதை மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம் என்று தட்டையாக்கிவிட்டார்கள். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு மட்டும். ஐந்திலிருந்து கீழே, தோல்விக் கணக்குப்படி வரிசை. ஆக, கடைசியாக வந்த அணியை அதிகபட்சம் நான்கு பேர் தாண்டலாம். ஐந்துக்குக் கீழே அது போக முடியாது. மூன்றாவது மோசமான அணி ஏழு வரை சரியலாம். இரண்டுக்கும் முதல் இட வாய்ப்பு ஒன்றேதான். மார்ச், ஏப்ரலில் உன் ஜாஸ் விழுந்து விழுந்து தோற்று வாங்கியது அந்த ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள இன்சூரன்ஸ். ஐந்தாவது இடத்தில் போய் நிற்க மட்டும் 47.9 சதவீதம் வாய்ப்பு. வேறெந்த இடத்துக்கும் அதில் பாதி கூட இல்லை.

வேண்டுமானால் வரிசையாகப் பார். கடைசியாக வந்த அணிக்கு 2019-ல் கிடைத்தது மூன்று, 2020-ல் இரண்டு, 2021-ல் இரண்டு, 2022-ல் மூன்று, 2023-ல் ஐந்து, 2024-ல் ஐந்து, 2025-ல் ஐந்து. ஏழு வருஷத்தில் ஒரு தடவை கூட முதல் இடம் இல்லை!

"ஆட்டக்காரன் எப்படிடா வேண்டுமென்று தோற்பான்?" என்று கேட்டிருந்தாய். தோற்க மாட்டான். பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்த பையன் அடுத்த பத்து நாளுக்காக உயிரைக் கொடுத்து ஆடுவான். தோற்பது ஆபீஸ் அறையில் நடக்கிற வேலை. பிப்ரவரியில் டிரேட் கெடு, அதாவது அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு, முடிந்ததும் மூத்த ஆட்டக்காரர்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்புவார்கள். காயப் பட்டியலில் கீழ் முதுகு, இடுப்பு, முழங்கால் என்று வரத் தொடங்கும். கடைசிக் கால்பகுதியில் ஆறு புள்ளி முன்னிலை இருக்கும்போது, அதுவரை அடித்துக்கொண்டிருந்த ஐவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உன் அணியின் நட்சத்திரம் மார்க்கனென் 2024-25-ல் ஆடியது 47 ஆட்டம். அவரை ஆட வைக்கவில்லை என்று லீக் ஒரு லட்சம் டாலர் அபராதமும் போட்டது. ஒரு என்.பி.ஏ. அணிக்கு அது சில்லறை.

ஆனால் தோல்வி நிஜமாகவே பலன் தருகிற ஒரு இடம் உண்டு, அதை நீ கவனிக்கவே இல்லை. 2023-ல் டாலஸின் டிராஃப்ட் முதல் சுற்றுத் தேர்வு வாய்ப்பு, பழைய டிரேடு ஒன்றால் நியூயார்க்குக்குக் கடன். முதல் பத்துக்குள் விழுந்தால் மட்டும் டாலஸே வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 7, சிகாகோவுடன் ஆட்டம். பிளே-ஆஃபுக்குள் நுழைய ஆடுகிற பிளே-இன் சுற்று வாய்ப்பு இன்னும் சாகவில்லை. நட்சத்திரம் கைரி இர்விங்கை உட்கார வைத்தார்கள், இன்னொரு நட்சத்திரம் லூகா டான்சிச்சை இரண்டாம் கால்பகுதி தொடங்கியதுமே வெளியே எடுத்தார்கள், 115-112 என்று தோற்றார்கள். லீக் 7.5 லட்சம் டாலர் தீட்டியது. பத்தாவது மோசமான அணியாக முடித்தால் அந்த வாய்ப்பு கையில் தங்க ஏறக்குறைய 80 சதவீதம். தங்கியது. அந்தப் பத்தாவது இடத்தை ஓக்லஹோமாவிடம் கொடுத்து 12-வது இடத்துக்கு இறங்கி டெரெக் லைவ்லியை எடுத்தார்கள். அடுத்த வருஷமே இறுதிப் போட்டி. அவர்கள் விட்டுக்கொடுத்த பத்தில் ஓக்லஹோமா எடுத்த கேசன் வாலஸ் 2025-ல் கோப்பையைத் தூக்கினான். கேவலமான இரவுதான், ஆனால் கணக்குத் தெரிந்தவன் செய்த கேவலம். உன் ஆட்களுடையதில் அதுவும் இல்லை.

கிண்டல் போதும். எனக்கு உறுத்துவது டெட்ராய்ட். 2023-24-ல் அவர்கள் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்றது யாருடைய தந்திரமும் இல்லை, நிஜமாகவே முடியவில்லை. 27-வது தோல்வியில் கேட் கன்னிங்ஹாம் தனியாளாக 41 புள்ளி அடித்தும் புரூக்ளினிடம் தோற்றார்கள். நடிப்பவர்களைத் தடுக்கப் போட்ட விதி, நிஜமாக விழுந்தவர்களையும் இரண்டு வருஷம் தொடர்ந்து ஐந்தில் தள்ளியது. அடுத்த சீசனில் அவர்கள் 14 வெற்றியிலிருந்து 44-க்கு ஏறியது டோபியஸ் ஹாரிஸ் மாதிரி அனுபவசாலிகளைக் கூட்டி வந்து, புது கோச்சை வைத்து. கன்னிங்ஹாம் வந்ததே 2021-ல் அவர்கள் கடைசிக்கு ஒரு படி மேலே முடித்தபோது! கடைசியில் நின்ற ஹூஸ்டனுக்கு இரண்டாவது இடம்.

ஓக்லஹோமாவும் தோற்றுத்தானே கோப்பை வென்ற ஆட்களைச் சேர்த்தது என்பாய். முக்கியமான மூவரில் செட் ஹோம்கிரென் மட்டும்தான் அப்படி வந்தவர். அதுவும் நான்காவது மோசமான இடத்திலிருந்து. ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் 2019-ல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து வாங்கியது. ஜேலன் வில்லியம்ஸ் அதே டிரேடில் வந்த தேர்வு வாய்ப்பில் எடுத்த 12-வது ஆள்.

அந்த ஐந்தாவது இடத்தில் உன் அணி எடுத்த ஏஸ் பெய்லி மோசமில்லை, ஆட விடு. வருகிற மார்ச்சில் உன் அணியின் காயப் பட்டியலை வாரம் ஒரு முறை எடுத்து எனக்கு எழுது, யாருக்கு எங்கே வலி என்று. சேகரிடம் மட்டும் காட்டாதே, பந்தயம் கட்டிவிடுவான்.

உன்
கணேசன்