அத்தைக்குப் பினாங்கைக் காட்டிய உங்களுக்கு

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் அத்தை சிங்கப்பூரில் கப்பலேறி, மலேசியாவின் பினாங்குத் தீவைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். வயது 72. பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் சரியாக ஊன்றாது. கைத்தாங்கலாகப் பத்தடி நடப்பார், அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். அவருடைய அப்பா, அதாவது எங்கள் தாத்தா, மெட்ராஸிலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் பிழைக்கப் போனவர். அவர் வாயால் பினாங்கின் தண்ணீர்மலை முருகனைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த அத்தைக்கு, அந்த மலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றவர்கள் நிறையப் பேர். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அப்படிச் சொல்லியே சுற்றுலாப் பேருந்தில் இடம் போட்டுவிட்டார். அந்தப் பேருந்தின் முதல் படியே முழங்கால் உயரம் என்பது கிளம்பும் வாரத்தில்தான் தெரிந்தது. நீங்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எத்தனை படி, எத்தனை அங்குலம், எவ்வளவு தூரம் என்று அளந்து சொன்னீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் பாகாயம் மறுவாழ்வு மையத்தின் இயன்முறை சிகிச்சையாளர் தங்கைக்கு. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் உருவாக்கிய இடம் அது. அங்கே நீங்கள் அத்தையைவிட எனக்குத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தீர்கள். இடுப்புப் பட்டையைப் பிடிப்பது, நல்ல கால் பக்கமாகவே நாற்காலியைக் காரோடு ஒட்டி நிறுத்துவது, இழுக்காமல் அவரே எழும்வரை காத்திருப்பது. கோட்டை மைதானத்தில் தினமும் சாயங்காலம் பழகினோம்.

அடுத்து ராணிப்பேட்டை டீச்சரம்மாவுக்கு. உங்கள் கணவரை இதே வழியில் அழைத்துப் போன அனுபவத்தை இரண்டு மணி நேரம் போனில் சொன்னீர்கள். "பினாங்கில் கப்பல் துறையிலேயே கட்டும். தாய்லாந்தின் புக்கெட்டில் கடலிலேயே நின்றுவிடும், சின்னப் படகில் இறங்கணும். அலை இருந்தால் நாற்காலியை ஏற்றமாட்டார்கள்" என்றீர்கள். சரி, புக்கெட் அன்று கப்பலிலேயே இருப்பது என்று முன்பே முடிவெடுத்தோம். இல்லாவிட்டால் படகு வரை போய் ஏமாந்து திரும்பியிருப்பார். அறைக் கதவின் அகலத்தைக் கேட்கச் சொன்னதும் நீங்கள்தான். எங்கள் நாற்காலி 25 அங்குலம், முதலில் கொடுத்த அறையின் கதவு அதற்குப் போதாது. உடல் இயலாதோருக்கான அறைகள் கப்பலில் கொஞ்சம்தான், முன்கூட்டியே கேட்டதால் கிடைத்தது. ஓதத்தில் கடல் மட்டம் ஏறி இறங்கினால் இறங்கு பாலத்தின் சரிவும் மாறும் என்றீர்கள். காலையில் சுலபமாக இறங்கியவர்கள், மாலையில் இரண்டு சிப்பந்திகள் பின்னால் தாங்க ஏறினோம். அந்தப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பினாங்கு வாடகைக் கார் ஐயா, உங்களுக்கு என்ன சொல்ல! லிட்டில் இந்தியா துறைமுகத்துக்குப் பக்கம்தான். ஆனால் கடைகளை ஒட்டி ஓடும் அஞ்சடி நடைபாதை ஒவ்வொரு கடை வாசலிலும் ஏறி இறங்கும், சக்கரம் போகாது என்று நிழலான தெருவோரமாகவே கூட்டிப் போனீர்கள். 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் வாசலில் என்னைக் கேட்கவில்லை. அத்தையைப் பார்த்து, "அம்மா, தூக்கலாமா?" என்று கேட்டீர்கள். பக்கவாதம் வந்தபின் அவரிடம் அனுமதி கேட்டுத் தொட்டவர்கள் குறைவு. ராத்திரி கப்பலில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர்மலைக்கு 500க்கும் மேல் படிகள். அது முடியாது என்று தெரிந்தே போனோம். அடிவாரத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, மலைக்கோயில் தெரிகிற இடமாகக் காரை நிறுத்தச் சொன்னார். கால் மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்பா சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்றார். கப்பலுக்குத் திரும்ப நேரமாகிறது என்று தெரிந்தும் நீங்கள் வண்டியை எடுக்கவில்லை ஐயா. அதை நான் மறக்கமாட்டேன்.

கொசப்பேட்டையில் நாற்காலியின் முன்சக்கரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்காத அண்ணனுக்கும், ஒன்பது நாள் வீட்டைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் ஆற்காடு மக்கன் பேடா வீட்டுக்கே வருகிறது.

படி உயரம், கதவு அகலம், கழிப்பறை இருக்கும் இடம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். நோட்டு அத்தையிடம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், அவரே விளக்கிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அத்தையின் மருமகன்