அரிசி எந்தக் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போன இதழின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "அரிசிக் கஞ்சியால் எந்தக் குழந்தைக்கும் ஒவ்வாமை வராது, பயமில்லாமல் கொடுக்கலாம்." அடுத்த பத்தியிலேயே, ஒவ்வாமை இருந்தால் உடனே தோலில் தடிப்பு வந்து காட்டிக்கொடுத்துவிடும், சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்று வேறு. கூடவே வெள்ளிக் கிண்ணத்தோடு சிரிக்கும் குழந்தையின் படம். படம் நன்றாக இருந்தது.

நான் மெல்போர்னில் இருக்கிறேன். என் மகனுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது அரிசிதான். முதலில் கஞ்சி குடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு நாள், குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தான், கஞ்சி போய், பால் போய், கடைசியில் பச்சையாகப் பித்தம் வரும் வரைக்கும், அதற்குப் பிறகு உடம்பெல்லாம் வெளுத்துத் துவண்டு, கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு தடிப்பு கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் வைரஸ் என்றார். டிரிப்ஸ் ஏறியதும் தெளிந்துவிட்டான். வயிறு ஆறட்டும், லேசாக ஏதாவது கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நம் வீடுகளில் லேசாக என்றால் என்ன? கஞ்சிதான். மறுபடியும் அதே கூத்து, இந்த முறை ரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று முதுகில் ஊசி போட்டுப் பார்க்கிற அளவுக்குப் பேச்சு போனது. ஊரிலிருந்து அத்தை வீடியோ காலில் வந்து, கண் பட்டிருக்கும், மிளகாய் சுற்றிப் போடு என்றார். சரி, அவராவது கஞ்சி கொடு என்று சொல்லவில்லை.

எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எத்தனை மணிக்கு வாந்தி என்று கேட்டே பெயரைச் சொல்லிவிட்டார் பிறகு பார்த்த அலர்ஜி டாக்டர்: எஃப்பைஸ் (FPIES), அதாவது உணவிலுள்ள புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடலைத் தாக்கும் ஒருவகை அலர்ஜி. உங்களுக்குத் தெரியாததா ஆசிரியரே, சாதாரண அலர்ஜியில் வேலை செய்யும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் இதில் வேலை செய்வதில்லை, அதனால் தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும். உணவு போய் ஒன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் அடங்காத வாந்தி, வெளுப்பு, சோர்வு, சில பிள்ளைகளுக்குப் பிறகு பேதி. கடும் அலர்ஜிக்குப் போடும் அட்ரினலின் ஊசிக்கு இது நிற்காது, இழந்த நீரை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். உங்கள் கட்டுரையைப் படித்த ஒரு தாய் தடிப்பு வருகிறதா என்று தோலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆஸ்திரேலியாவில் 2012 முதல் 2014 வரை இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேருக்கு இந்தக் கோளாறு, அதற்குக் காரணமான உணவுகளில் முதலிடம் அரிசிக்கு, 45 சதவீதம். பசும்பால் 33, முட்டை 12. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனால் மீனும் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பால், சோயா, அரிசி, ஓட்ஸ். அங்கே பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளில் பலருக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது, இஸ்ரேலில் அப்படி இல்லை. ஜப்பானில் சமீப வருடங்களில் கூடியிருப்பது முட்டையால், அதுவும் மஞ்சள் கருவால். எதை எப்போது ஊட்ட ஆரம்பிக்கிறார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது மட்டும்தான் என்றால் ஜப்பானில் அரிசியல்லவா முன்னால் நின்றிருக்க வேண்டும், அவர்களும் நம்மைப் போல முதலில் கஞ்சியைத்தானே ஊட்டுகிறார்கள்! இப்படி ஊருக்கு ஊர் மாறுகிற விஷயத்தில் "எந்தக் குழந்தைக்கும்" என்று எழுத உங்கள் கட்டுரையாளருக்கு எப்படித்தான் கை வந்ததோ. நம் ஊரில் யார் எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள்?

இது முதல் தடவையும் இல்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவலாம் என்று முன்பு ஒருமுறை இதே பக்கத்தில் போட்டீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சு நோய் வரக்கூடும் என்று அப்போதே எழுதினேன், அந்தக் கடிதம் வரவில்லை, இடப் பற்றாக்குறை போலிருக்கிறது, வாஸ்துவுக்கு மட்டும் அந்த வாரம் இரண்டு பக்கம் கிடைத்தது. உங்கள் கேள்வி பதில் டாக்டரோ உணவு ஒத்துக்கொள்ளாமல் போவதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வருகிற அலர்ஜி என்று ஒரு தாய்க்குப் பதில் எழுதியிருந்தார். என் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். இத்தனைக்கும் என் அப்பா உங்கள் இதழைப் பைண்டு செய்து வைத்திருக்கிறார்.

கஞ்சியே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, இது அபூர்வமான கோளாறுதான், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் சரியாகிவிடுகிறது. என் மகனுக்கும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், இப்போது இட்லி சாப்பிடுகிறான்.

நான் கேட்பது அடுத்த இதழில் அதே பக்கத்தில் நாலு வரித் திருத்தம்: எந்தப் புது உணவானாலும், கொடுத்துச் சில மணி நேரத்தில் குழந்தை விடாமல் வாந்தி எடுத்து வெளுத்துத் துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள், அதை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
மெல்போர்ன்