ஆப்பிளுக்கு முந்தைய ராக்கெட்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தியாவின் சோதனைத் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளான ஆப்பிள் பற்றிய கட்டுரை படித்தேன். ஆன்டெனா சோதனைக்கு உலோகம் அதிகமில்லாத மேடை வேண்டியிருந்ததால்தான் அதை மாட்டுவண்டியில் ஏற்றினார்கள் என்று எழுதியது நல்லது. அந்த மாட்டுவண்டிப் படத்தை இன்னமும் வறுமைக்குச் சாட்சியாகவே பகிர்கிறார்கள்.

ஆனால் 1981 ஜூன் 19 அன்று ஆப்பிளைச் சுமந்துபோன ஐரோப்பாவின் ஏரியானை ‘நம்பகமான ராக்கெட்’ என்று ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். அது மூன்றாவது சோதனை ஓட்டம். சோதனை என்பதால்தான் நமக்கு ஓசியில் இடம் கிடைத்தது. இரண்டாவது ஓட்டம், 1980 மே 23 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பியது, அட்லாண்டிக்கில் விழுந்தது. முதல் அடுக்கின் நான்கு வைக்கிங் எஞ்சின்களில் ஒன்றில் எரிதல் சீர்குலைந்ததுதான் காரணம். அது தெரிந்தே ஆர்.எம்.வாசகம் தலைமையிலான இஸ்ரோ குழு தன் செயற்கைக்கோளை அடுத்த ராக்கெட்டில் ஏற்றியது. மாட்டுவண்டியைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

விழுந்ததில் ஜெர்மன் ஆய்வுக்கலமான ஃபயர்வீலோடு எங்கள் பொருளும் போனது. எங்கள் என்றால் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள். ‘ஃபேஸ் 3ஏ’ என்ற அந்தத் தொலைத்தொடர்பு செயற்கைக்கோளைக் கட்டியது அரசாங்கம் அல்ல. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த ஹாம்கள், நன்கொடை திரட்டிக் கட்டினார்கள். அதுவரை எங்கள் ஆஸ்கர் செயற்கைக்கோள்கள் தாழ்வாகச் சுற்றின. ஒருமுறை தலைக்கு மேல் வந்தால் சுமார் இருபது நிமிஷம்தான் நிற்கும். பெயரும் ஊரும் சொல்வதற்குள் அடிவானத்தில் இறங்கிவிடும். 3ஏ நீள்வட்டப் பாதையில் உயரப் போய், மணிக்கணக்கில் கண்டம் தாண்டிப் பேச வைத்திருக்கும்.

அதை நம்பி அலுமினியக் குழாய் வாங்கி, 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு யாகி ஆன்டெனா செய்து மொட்டைமாடியில் நட்டிருந்தேன். செய்தி வந்த பிறகு கழற்ற மனமில்லை. கம்பம் சும்மாதானே நிற்கிறது என்று அம்மா அதில் கொடி கட்டித் துணி காயப்போட ஆரம்பித்தார்.

மாற்றுச் செயற்கைக்கோள் 1983 ஜூன் 16 அன்று ஆறாவது ஏரியானில் போனது. அதுதான் ஆஸ்கர் 10. பிரிந்த பிறகு ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கே பின்னால் வந்து அதை இடித்துவிட்டது! அப்படியும் பிழைத்துக்கொண்டு வேலை செய்தது. ஜெர்மன் ஹாம் ஒருவரின் குரல் அதன் வழியாக என் பெட்டியில் கேட்ட அன்று, அம்மா கொடியை அவிழ்த்துத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஹாம்,
திருநெல்வேலி.