2024–25 ஆண்டறிக்கை: பத்தாம் வகுப்பு தனித்தேர்வர் இரவு வகுப்பு

தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, இரவு வகுப்பிலிருந்து வந்திருக்கும் அக்கா, அண்ணன்மார்களே, வணக்கம்.

நூலகம், கண் மருத்துவ முகாம், பொங்கல் விளையாட்டு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பள்ளியில் சேராமல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு நாம் நடத்தும் இரவு வகுப்பைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் நீடாமங்கலம் வட்டாரத்தில் பள்ளி நாட்காட்டியைவிட மேட்டூர் அணைக்குத்தான் மரியாதை அதிகம். 2024ல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 போய், ஜூலை 28ல்தான் அணை திறந்தது. சம்பா வேலை தள்ளிப்போனது. நவம்பர் கடைசி மழையில் பயிர் மூழ்க, வகுப்புக்கு வர வேண்டியவர்கள் வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்கள். மாதிரித் தேர்வு வைக்க வேண்டிய மாசியில் பாதிப் பேர் அறுவடையில். பொதுத்தேர்வோ மார்ச் 28ல் தொடங்கிவிட்டது. இவ்வளவுக்கும் நடுவில் 9 பேர் எழுதி, 5 பேர் தேறியிருக்கிறார்கள். மற்றவர்களைத் துணைத்தேர்வுக்கு உடனே பணம் கட்டச் சொல்லியிருக்கிறோம்.

அறிவியலில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எழுத்துத்தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தாக வேண்டும். செய்முறைப் பயிற்சிக்குத் தேர்வுக்குப் பல மாதம் முன்பே பெயர் பதிய வேண்டும், 80 சதவீத வருகையும் வேண்டும். கூலியை விட்டுவிட்டுப் போவது லேசில்லை. ஆனால் போனவர்கள் ரசித்தார்கள். குவிலென்சை ஜன்னல் பக்கம் பிடித்து, வெள்ளைத்தாளை முன்னும் பின்னும் நகர்த்தியதும் வெளியே நின்ற தென்னை தாளில் தலைகீழாக விழுந்தது. நடவு வேலைக்குப் போகும் ஓர் அக்கா, ஸ்கேல் வைத்துத் தூரத்தை அளக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்குக்குப் பயப்படுகிறவர்களிடம் நாங்கள் சொல்வது: வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16 மதிப்பெண் அங்கேயே இருக்கிறது. தேற 35 போதும். கையில் காம்பஸ் பழகினால் பாதி பயம் போய்விடும். அப்படியும் முடியாதவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே 5 பாடம், கணக்கு கட்டாயமில்லை, 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்பு. ஆனால் எந்த வேலைக்கு, எந்தப் படிப்புக்கு என்று போகிறோமோ, அங்கே அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சான்றிதழ் சிக்கல் தனிக்கதை. டிசியில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் ஒரு பிறந்த தேதி. கல்யாணமாகி வெளியூரிலிருந்து வந்த பெண்களுக்கு, படித்த பள்ளிக்குப் போய்க் கேட்கவே ஒரு நாள் கூலி போகிறது. இனிமேல் சேர்கிற அன்றே டிசியைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இந்த ஆண்டு ஜூன் 12ல் அணை திறக்கும் என்கிறார்கள். அதனால் வகுப்பை வைகாசியிலேயே தொடங்கிக் கணக்கை முதலில் எடுக்கவும், நடவு, அறுவடை மாதங்களில் ஞாயிறு மட்டும் நடத்தவும் செயற்குழு விரும்புகிறது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்கிறேன். அப்புறம், வகுப்பறை இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வேண்டும். மனமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்