நான்காம் மாதக் கணக்கு

ஆசிரியருக்கு,

குழந்தைகளின் முதல் திட உணவு பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி உறுத்தியது. வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) இருந்தால், தாய்ப்பால் குடிக்கும்போதே நான்காம் மாதத்தில் கோதுமையைப் பழக்கிவிட வேண்டும், நோய் அண்டாது என்கிறது அது. நானும் அதை நம்பியவள்தான்.

எனக்குச் சீலியாக் உண்டு. மூத்தவனுக்குப் பதினாறாவது வாரத்தில், என் பாத்திரங்களோடு கலக்காத தனிக் கரண்டியில், கோதுமைக் கஞ்சியை நுனியளவு ஊட்டினேன். துப்பினால் வழித்துத் திரும்ப ஊட்டினேன். ஊட்டிய நாளெல்லாம் காலண்டரில் டிக். மூன்று வயதில் அவனுக்கும் நோய் உறுதியானது. டிக் விழாத இரண்டு மூன்று நாட்களை நினைத்தே எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன்!

அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. ஸ்வீடனில் 1980களின் நடுவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த நோய் மளமளவென்று கூடி, பத்தாண்டு கழித்து இறங்கியது. குளூட்டனை எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள், தாய்ப்பால் இருந்ததா என்பதோடு அதை முடிச்சுப் போட்டார்கள். சரி, சோதித்துப் பார்த்தால்? ஐரோப்பாவில் ஆபத்து அதிகமுள்ள 944 குழந்தைகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு 16ஆவது வாரத்திலிருந்து தினமும் 100 மில்லிகிராம் குளூட்டன், மறுபாதிக்கு குளூட்டன் இல்லாத பொடி கொடுத்தார்கள். 2014இல் முடிவு வெளியானது. மூன்று வயதில் குளூட்டன் சாப்பிட்டவர்களில் 5.9 சதவீதம் பேருக்கு நோய், மற்றவர்களில் 4.5. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். தாய்ப்பாலும் இதைத் தடுக்கவில்லை (அதன் மற்ற நன்மைகளை நான் குறை சொல்லவில்லை). அதே ஆண்டு வந்த இத்தாலிய ஆய்வில், ஒரு வயது வரை தள்ளிப்போட்டவர்களுக்கு நோய் தாமதமானதே தவிர, ஐந்து வயதில் கணக்கு ஒன்றுதான்.

நான்கு மாதத்திலேயே நிறையக் கொடுத்தால் பலன் இருக்கலாம் என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. ஆனால் அது நம்மைப் போன்ற குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துச் செய்ததல்ல. ஐரோப்பியக் குழந்தை மருத்துவ நிபுணர்கள் 2016இல் சொன்னது இதுதான்: 4 முதல் 12 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், முதல் சில வாரங்கள் அதிகம் வேண்டாம்.

அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். கூடவே இதையும் சேருங்கள்: பயந்துபோய் கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போனால், நோய் இருந்தும் இல்லையென்று வரக்கூடும். இளையவளுக்கு ஏழாம் மாதத்தில் ஆரம்பித்தேன். காலண்டரைத் தொடவில்லை. டாக்டர் சொன்ன தேதியில் பரிசோதனைக்கு மட்டும் கூட்டிப்போகிறேன்.

– ஒரு வாசகி