இரண்டாம் தவணை மடல்: சில பாராட்டுகளும் பாட்டில் ராக்கெட்டுகளும்

அன்புள்ள பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்தது. தமிழ்மொழி மாதத்தில் பேச்சு, கதைசொல்லல், நாடகம் என்று பிள்ளைகள் பல மேடைகள் ஏறினார்கள். பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் பாராட்டுகள். வாசிப்பில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. வருகைப் பதிவு பரவாயில்லை. நூலக மூலைக்குப் புத்தகம் கொடுத்தவர்களுக்கு நன்றி.

சரி, ராக்கெட்டுக்கு வருகிறேன்.

தொடக்கநிலை 4, 5 பிள்ளைகளுக்கு இந்தத் தவணை விண்வெளிப் பயணத்தைப் பற்றித் தமிழிலேயே பாடம் நடத்தினோம். ராக்கெட் எப்படி மேலே போகிறது என்று முதல் நாள் கேட்டபோது, கீழே உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றுதான் பலரும் சொன்னார்கள். அப்படியானால் காற்றே இல்லாத இடத்தில் எதைத் தள்ளும்? 1920இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழே இதே குழப்பத்தில் அமெரிக்க ராக்கெட் முன்னோடி ராபர்ட் கோடார்டைக் கேலி செய்து தலையங்கம் எழுதியது. 1969இல் அப்பல்லோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள்தான் அதற்கு வருத்தம் தெரிவித்தது. உண்மையில் ராக்கெட் வெளிக்காற்றை நம்பி இல்லை. எரிந்த வாயுவைப் பின்னால் வீசுகிறது, அந்த எதிர்விசையில் முன்னால் போகிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனையும் கூடவே சுமந்துகொண்டு போகிறது.

பூமியைச் சுற்றிவர வினாடிக்குச் சுமார் 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். சிங்கப்பூரின் கிழக்குக் கோடியான சாங்கியிலிருந்து மேற்குக் கோடியான துவாஸ் போய்ச் சேர ஏழு வினாடிகூட ஆகாத வேகம் அது. அதனால்தான் நிலவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கிட்டத்தட்ட 3,000 டன் எடையில் பெரும்பகுதி எரிபொருளாகவும் அதை எரிக்கும் ஆக்சிஜனாகவும் இருந்தது. காலியான அடுக்குகளை வழியிலேயே கழற்றி விட்டதும் அதனால்தான். சிங்கப்பூரின் டெலியோஸ்-1 துணைக்கோளை 2015 டிசம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்தான் ஏற்றிச் சென்றது என்று சொன்னதும் வகுப்பில் ஒரே கைதட்டல்.

பாடத்தின் கடைசியில் திடலில் நீர் ராக்கெட் விட்டோம். பிளாஸ்டிக் பாட்டிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடத்தில் சைக்கிள் பம்பால் ஏற்றிய காற்று. காற்று தண்ணீரைக் கீழே பீய்ச்ச, பாட்டில் மேலே பாயும். பிள்ளைகள் எல்லைக் கயிற்றுக்குப் பின்னால் கண்ணாடி அணிந்து நின்றார்கள். ஆசிரியர்தான் தூரத்திலிருந்து பாட்டிலை விடுவிக்கும் கயிற்றை இழுத்தார்.

இப்போது இதே ராக்கெட் வீட்டுக்கு வந்துவிட்டது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் சில காணொளிகளைப் பார்த்தேன். ஒன்றில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விட்ட பாட்டில் கூரையில் மோதி, செஸ் மேசையருகே உட்கார்ந்திருந்த பெரியவர் பக்கம் திரும்பி வருகிறது. இன்னொன்றில் மேல்மாடித் தாழ்வாரத்திலிருந்து பாட்டில் சுவரைத் தாண்டிக் கீழே போகிறது. கீழே விளையாட்டுத் திடல். பின்னணியில் கைதட்டிச் சிரிக்கும் குரல் பிள்ளையுடையது அல்ல என்பதையும் கவனித்தேன். யார் என்று கேட்கப் போவதில்லை. தீக்குச்சி மருந்தைச் சுரண்டிச் சேர்ப்பதாகவும் இரண்டு பிள்ளைகள் பெருமையாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஆர்வத்தை அணைக்க எனக்கு மனமில்லை. தமிழில் கேள்வி கேட்காத பிள்ளைகள்கூட இந்தத் தவணை வரிசையில் நின்று கேட்டார்கள். ஆனால் ராக்கெட் பாடத்தின் பாதி, ஆட்களைத் தள்ளி நிறுத்துவதுதான். ஸ்ரீஹரிகோட்டா கடலோரத் தீவில் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், கழன்று விழும் பாகங்கள் யார் தலையிலும் விழாமல் கடலில் விழ வேண்டும் என்பது. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது கோளாறு தெரிந்து நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் ஏவினார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் பெரிதாகச் சுவாரசியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வெடித்த ராக்கெட் கதைகளைத்தான் கேட்டார்கள்.

ஆகவே கண்டிப்பாகவே சொல்கிறேன். தாழ்வாரத்தில், கீழ்த்தளத்தில், பல்கனியில், கார் நிறுத்தும் இடத்தில் எந்த ராக்கெட்டும் கூடாது. அழுத்தம் தாங்காமல் வெடிக்கும் பாட்டில் கண்ணைப் பறித்துவிடும். மாடியிலிருந்து பொருள் விழுந்தால் அது குற்றம். "பிள்ளை விளையாடியது" என்ற பதில் அங்கே எடுபடாது. நெருப்பு, தீக்குச்சி மருந்து, மத்தாப்பு மருந்து எதையும் தொடவே கூடாது. பட்டாசுக்கு இந்த நாட்டில் 1972லேயே தடை வந்துவிட்டது என்பதைத் தாத்தா பாட்டிமார்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். "ஆசிரியர்தான் சொல்லிக்கொடுத்தார்" என்று பிள்ளை சொன்னால், கயிறும் கண்ணாடியும் எங்கே என்று கேளுங்கள்.

ஜூன் விடுமுறையில் பல வீடுகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பாட்டியும் பணிப்பெண்ணும்தான் என்பது தெரியும். அவர்களிடமும் இதைச் சொல்லிவைத்தால் பெரிய உதவி.

அப்புறம், ஆசை அடங்காதவர்களுக்கு ஒரு ஏற்பாடு. மூன்றாம் தவணையின் முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்குத் திடலில் நீர் ராக்கெட் விடுவோம். பெற்றோரும் வரலாம், கைதட்ட ஆள் வேண்டும். பிள்ளைகள் விடுமுறையில் இறக்கையும் மூக்கும் அட்டையில் செய்து வரட்டும். மூக்கில் உலோகம் வேண்டாம். கீறலோ நசுங்கலோ இல்லாத 1.5 லிட்டர் குளிர்பானப் பாட்டில் போதும், காற்றை நாங்கள் ஏற்றுகிறோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மழை பெய்தால் அடுத்த சனிக்கிழமை.

அந்தக் காணொளியைக் கண்டதும் குழுவிலேயே "இது ஆபத்து" என்று எழுதிய அம்மாவுக்கும், அன்று திடலில் வெயிலில் நின்று கயிறு பிடித்த அப்பாக்களுக்கும், பொறுமையாக இவ்வளவு தூரம் படித்த உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. விடுமுறை இனிதாக அமையட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்